விரதம் முடிந்த மறுநாள்: மலையக இளையோரின் சமயப் போராட்டமும் மீண்டெழும் ஆற்றலும்

பக்தி உள்ளவர் நோய் நொடி குறைந்து வாழ்வாரா? உளவியலாளரும் மருத்துவரும் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் கேள்வி இது. கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ தவறாமல் போகிறவர்கள் குறைவாகக் குடிக்கிறார்கள், குறைவாகப் புகைக்கிறார்கள், துன்பம் வந்தால் தனித்து நிற்பதில்லை என்று பல ஆய்வுகள் காட்டின. ஆனால் நம்பிக்கையே வலியாகும் காலங்களும் உண்டு. சாமி கைவிட்டுவிட்டது என்று நெஞ்சு சொல்லும். கும்பிடுகிற கை கும்பிடத் தயங்கும். ஒரே வீட்டில் இரண்டு வழிபாடு வந்து தாயும் மகளும் பேசாமல் இருப்பார்கள். இதைத்தான் ஆய்வாளர்கள் சமயப் போராட்டம் என்கிறார்கள். இருபது வயதை ஒட்டி இந்தப் போராட்டம் வந்தால் உடல் என்ன ஆகிறது, மீண்டெழ எது கைகொடுக்கிறது, நல்ல பழக்கங்களுக்கு அதில் என்ன இடம் என்பவற்றை இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் வாழ்வோடு சேர்த்துப் பார்க்கிறது இக்கட்டுரை.

கண்டிப் பக்கமிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில் புசல்லாவையைத் தாண்டினால் இறம்பொடை. 109 மீட்டர் உயர அருவியும், கொத்மலை நீர்த்தேக்கத்தின் காட்சியும், சின்மயா மிஷன் கட்டிய பக்த ஹனுமான் கோயிலும் வெளியூர்க்காரரை இழுக்கின்றன. அவர்கள் பார்க்காமல் போகும் சாமிகள் தேயிலைக்குள் இருக்கிறார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் மாரியம்மன், மரத்தடியில் முனியாண்டி, மாடசாமி. மலையகத் தோட்டங்களில் ஆலைச் சக்கரத்தைக் காக்க ரோதை முனி உண்டு; தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது காவலுக்குக் கவ்வாத்துச்சாமி உண்டு. தென்னிந்தியாவிலிருந்து ஊர்ச் சாமிகளைக் கூடவே அழைத்துவந்து, போதாததற்குச் செய்யும் தொழிலுக்கும் தெய்வம் கண்ட மக்கள் இவர்கள். 2023இல் மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் நினைவுகூர்ந்ததும், அந்தக் காட்டு வழியில் சாமியைத் தவிர வேறு துணையில்லாமல் நடந்த முன்னோரைத்தான்.

இத்தனை சாமிகள் நடுவில் வளரும் ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ சாமியோடு முரண்படும்போது அதை யாரிடம் சொல்வது? இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி இதுவே.

போராட்டத்தின் ஆறு முகங்கள்

அமெரிக்க உளவியலாளர் கென்னத் பர்கமென்ட் 1997இல் வெளியிட்ட நூலொன்று, துன்பத்தில் சமயத்தைக் கைக்கொள்ளும் விதம் எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதை விரிவாக எடுத்துக்காட்டியது. கடவுள் கூட நிற்கிறார் என்று பற்றிக்கொள்வது ஒரு விதம். கடவுள் தண்டிக்கிறார் என்று நடுங்குவது இன்னொரு விதம். 2014இல் ஜூலி எக்ஸ்லைனும் பர்கமென்டும் கூட்டாளிகளும் 26 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கி, சமயப் போராட்டத்தை ஆறு வகையாகப் பிரித்தார்கள். இந்த ஆறும் அமெரிக்க மண்ணில், பெரும்பாலும் கிறிஸ்தவப் பின்னணியில் வகுக்கப்பட்டவை. ஆயினும் மலையகத்தில் ஒவ்வொன்றுக்கும் தெளிவான முகம் உண்டு.

முதலாவது கடவுளோடு கோபம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களின் மலைச்சரிவுகள் மீண்டும் இறங்கின. கோயில் திருவிழாவுக்குக் கூலியில் காசு கொடுத்த குடும்பத்தின் மேலேயே ஏன் மண் விழ வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு, கர்மவினை என்ற ஒற்றைச் சொல் ஆறுதலாகாது. செத்தவர்களையே குற்றவாளியாக்கும் பதிலாக அது அவன் காதில் விழும்.

இரண்டாவது தீய சக்தி பற்றிய பயம். உடம்பு மெலிந்து, உறக்கம் கெட்டு, வேலைக்குப் போக மனம் வராத பிள்ளைக்குச் செய்வினை என்று சொல்லிக் கயிறு கட்டுவதும் வேப்பிலை அடிப்பதும் தோட்டங்களில் பழகிய வழி. அதில் ஆறுதல் இல்லாமல் இல்லை. ஆனால் செய்வினை என்றால் செய்தவர் ஒருவர் இருக்க வேண்டும். சந்தேகம் பக்கத்து லய அறையான காம்பரா மேலும் சொந்தக்காரர் மேலும் விழுகிறது. நோயாளிக்கு மிகவும் தேவையான அக்கம்பக்கத்து உறவு அந்த நேரத்திலேயே அறுந்துபோகிறது. வைத்தியரிடம் போகும் நாளும் தள்ளிப்போகிறது.

மூன்றாவது மனிதரோடு வரும் சமயப் பிணக்கு. கண்டியை நிலையமாகக் கொண்டு 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் முதல் இன்றைய பெந்தெகொஸ்தே சபைகள் வரை கிறிஸ்தவம் தோட்டங்களோடு நீண்ட உறவு கொண்டது. குடிக்கும் கணவனால் அடிபட்ட பெண்ணுக்கும், தீராத நோயோடு அலைந்தவருக்கும், குடியை முற்றாக விலக்கும் சபை ஒரு புகலிடமாகிறது. அதே வேளை, சபைக்குப் போகும் மகள் திருநீறும் பிரசாதமும் வேண்டாம் என்று சொல்லும்போது தாயின் மனம் உடைகிறது. சாவு வீட்டில் எந்த முறைப்படி அடக்கம் செய்வது என்பது பெரிய சண்டையாகிவிடுகிறது. திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்ற சாதிக் கணக்கும், சாதி தாண்டிய காதலும் இதே பிணக்கின் வேறு வடிவங்கள்.

நான்காவது தன் ஒழுக்கத்தோடு வரும் போராட்டம். ஒரு பக்கம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் மீனும் மாமிசமும் குடியும் ஆகாது. இன்னொரு பக்கம் முனியாண்டிக்குச் சாராயமும் சுருட்டும் படையல். இரண்டுக்கும் நடுவில் நின்று வளர்ந்த இளைஞன் ஒருநாள் தவறிவிட்டால், தெய்வக் குற்றம் என்ற அச்சம் அவனைப் பல காலம் துரத்தும். ஐந்தாவது ஐயம்: பாடசாலை விஞ்ஞானமும் கைபேசிக் காணொளிகளும் ஊட்டும் கேள்விகள். ஆறாவது, வாழ்வின் பொருள் குறித்த வெறுமை. உயர்தரம் சித்தியடைந்தும் பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டாமல், தோட்டத்துக்குத் திரும்பவும் மனமில்லாமல், கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளையின் இரவுகளில் இந்த வெறுமை குடியிருக்கிறது.

உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000ஆம் ஆண்டில் 18 முதல் 25 வரையான வயதை வளர்ந்தோர் பருவத்தின் வாசற்படி என்று வரையறுத்தார். படித்து, தேடி, தவறித் திருத்திக்கொள்ள மேலைச் சமூகம் இளையோருக்குத் தரும் அவகாசம் அது. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அந்த அவகாசம் இல்லை. பதினெட்டில் தோட்ட வேலைக்குப் பேர் போட வேண்டும், அல்லது கொழும்புக்கு பஸ் ஏற வேண்டும். நம்பிக்கை பற்றிய கேள்விகள் எழும் வயதும், வீட்டுக்குக் காசனுப்பும் பொறுப்பு ஏறும் வயதும் ஒன்றாகிவிடுகின்றன. கேள்வியை உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. அது உடம்புக்குள் தங்கிவிடுகிறது.

தங்கிப்போன போராட்டமும் உடலும்

உடம்புக்குள் தங்கிவிடுகிறது என்பது வெறும் பேச்சு வழக்கன்று. 2001இல் பர்கமென்டும் ஹரோல்ட் கோனிக்கும் மற்றவர்களும் 55 வயதுக்கு மேற்பட்ட, மருத்துவமனையில் இருந்த 596 நோயாளிகள் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், கடவுள் தன்னைக் கைவிட்டாரோ என்று ஏங்கியவர்கள், கடவுளின் அன்பைச் சந்தேகித்தவர்கள், தம் நோய் சாத்தானின் வேலை என்று கருதியவர்கள் இறக்கும் ஆபத்து 19 முதல் 28 விழுக்காடு வரை கூடியிருந்தது. நோயின் கடுமையையும் மனச்சோர்வையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு நீங்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, சாமியைக் கேள்வி கேட்டால் சாவு என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. அதே ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட தொடர் ஆய்வு முக்கியமான ஒன்றைச் சேர்த்தது. போராட்டம் வந்து போனவர்களின் உடல்நலம் பெரிதாகக் கெடவில்லை. இரண்டு ஆண்டுகளும் விடாமல் அதில் சிக்கிக் கிடந்தவர்களே தேய்ந்தார்கள். ஆகவே ஆபத்து ஐயத்தில் இல்லை, கோபத்திலும் இல்லை. வெளியே வரும் வழி அடைபட்டிருப்பதில்தான் ஆபத்து.

முதியவர்களிடம் கண்டதை அப்படியே இளையோர் மேல் பொருத்த முடியாது. இளையோரின் உடல் உடனே சாய்வதில்லை. அவர்களிடம் முதலில் சாய்வது பழக்கங்கள். உறக்கம் கெடும், சாப்பாட்டு நேரம் தவறும், ஒரு கிளாஸ் சாராயம் துணையாகும், வெற்றிலையும் பாபுல் என்ற பாக்குக் கலவையும் வாயில் ஏறும். பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2003இல் உறுதிப்படுத்தியது. குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை போடும் தோட்டத்து மக்களுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் போய்ச் சேரவேண்டிய அளவுக்குப் போய்ச் சேரவில்லை. தொடக்கமே பலவீனமானது என்பதையும் மறக்கக் கூடாது. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார மதிப்பாய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 விழுக்காடு, தோட்டத்துறையில் 31.7 விழுக்காடு. இத்தகைய உடலோடு வளர்ந்து வருபவர்களிடம்தான் நல்ல பழக்கம் பற்றிப் பேசுகிறோம்.

வாதாடக் கற்றுத்தந்த மரபு

சாமியோடு சண்டை போடுவது பாவம் என்று இன்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். நம் மரபு அப்படிச் சொல்லவில்லை. கண்ணிழந்த சுந்தரர் திருவாரூர் இறைவனிடம் உரிமையோடு சினந்தார். அந்தச் சினமும் தேவாரத்தில் சேர்ந்தது. விவிலியத்தில் யோபு தன் துன்பத்துக்குக் காரணம் கேட்டு இறைவனையே வழக்குக்கு அழைக்கிறார். அவருடைய நண்பர்கள் சொன்ன எளிய சமாதானங்களை இறைவனே கண்டிக்கிறார். ஒப்பாரி பாடும் கிழவி எமனையும் சாமியையும் பேர் சொல்லித் திட்டுகிறாள். யாரும் அவள் வாயை மூடுவதில்லை.

மலையகத்தின் காமன் கூத்து இந்த மரபின் சிகரம். மாசி மாத வளர்பிறையில் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டி மதன் எரிப்போடு உச்சம் பெறும் கூத்து அது. சிவனின் தவத்தைக் கலைக்க அனுப்பப்பட்ட மதன் நெற்றிக்கண்ணால் எரிகிறான். ஏவியவர்கள் தேவர்கள், செத்தது ஏவப்பட்டவன். தாலியிழந்த ரதி அழுது, வாதாடி, சிவனிடம் கணவனைத் திருப்பிக் கேட்கிறாள். அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி மதன் உயிர்பெறுகிறான். பெரியவர்களின் கட்டளைக்குப் பலியாகும் சிறியவனின் கதை, துரையின் சொல்லுக்கும் கங்காணியின் சொல்லுக்கும் உழைத்துத் தேய்ந்த மக்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. அந்த இரவில் ரதியின் கேள்வியைத் தோட்டமே விழித்திருந்து கேட்கிறது. ஒருத்தியின் துக்கம் எல்லோர் முன்னாலும் வைக்கப்படுகிறது. அதற்குப் பறையும் பாட்டும் துணை. ஆய்வாளர்கள் வெளியேறும் வழி என்று தேடுவதை நம் முன்னோர் ஆண்டுதோறும் களத்தில் அமைத்துக் கொடுத்தார்கள்.

போர்க்கால வடக்கில் மனநோய் மருத்துவராகப் பணிபுரிந்த பேராசிரியர் தயா சோமசுந்தரமும் இதே திசையில் எழுதியிருக்கிறார். கூட்டுத் துயரத்துக்கு மாத்திரையும் தனி அறை ஆலோசனையும் போதாது. சடங்கு, நேர்த்தி, கூடி அழுதல் ஆகியவை சமூகத்தைத் திரும்பத் தைக்கும் இழைகள் என்பது அவருடைய நீண்டகால நிலைப்பாடு. தூக்குக் காவடி போன்ற நேர்த்திகள் போருக்குப் பின் மக்களுக்குக் கொடுத்த வலுவைப் பற்றிய மானிடவியல் ஆய்வுகளும் உண்டு. சடங்கு எல்லாவற்றையும் ஆற்றும் என்று இவை சொல்லவில்லை. தனித்த வலிக்குச் சடங்கு ஒரு கூட்டத்தைத் தருகிறது என்கின்றன.

41 நாளும் 66 நாளும்

நல்ல பழக்கம் பற்றிய பேச்சு மலையகத்தில் பெரும்பாலும் குறை சொல்வதாகவே முடிகிறது: தோட்டத்து இளைஞன் குடிக்கிறான், காசைக் கரைக்கிறான். அதே இளைஞன் கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு என்ன செய்கிறான் என்று யாரும் கவனிப்பதில்லை. விடியலில் நுவரெலியாக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறான். ஒரு மண்டலம், அதாவது 41 நாள், குடியில்லை, புகையில்லை, மாமிசமில்லை, கெட்ட வார்த்தை இல்லை. நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்கு உறங்குகிறான். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதமிருக்கும் பெண்ணும், தவக்காலத்தில் நோன்பிருக்கும் கத்தோலிக்கப் பிள்ளையும், ரமழானில் நோன்பு நோற்கும் முஸ்லிம் தோழனும் இதே வல்லமையைத் தம்மிடம் வைத்திருக்கிறார்கள். மன உறுதி இல்லாத தலைமுறை என்ற பழி, விரதக் காலத்தில் கண்முன்னே பொய்யாகிறது.

பிறகு ஏன் விரதம் முடிந்த மறுநாளே பலர் பழைய கிளாஸை எடுக்கிறார்கள்? லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவுகிறது. 96 பேர் ஆளுக்கொரு புதிய பழக்கத்தை 12 வாரம் முயன்றார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை ஆகலாம் என்று கணித்தார்கள். இடையில் ஒருநாள் தவறினால் பெரிய நட்டமில்லை என்பதும், ஒரே சூழலில் ஒரே அடையாளத்தைத் தொட்டு அந்தச் செயல் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும் என்பதும் அதன் பாடங்கள்.

விரதத்தை இந்தப் பாடங்களின் வழியே பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் தெரியும். கழுத்து மாலை ஓர் அடையாளம். வழிகாட்டக் குருசாமி இருக்கிறார். ஒருவரையொருவர் சாமி என்று அழைக்கும் கூட்டம் இருக்கிறது. சாமி என்று அழைக்கப்பட்டவன் கடைவாசலில் நின்று குடிக்கக் கூசுகிறான். வீட்டில் அம்மாவும் தங்கையும் அவனுக்கென்று தனியாகச் சமைக்கிறார்கள். மாலையைக் கழற்றும் நாளில் இவை அத்தனையும் ஒரே நேரத்தில் கழன்றுவிடுகின்றன. பழக்கம் வேர்பிடிக்க இன்னும் சில வாரம் வேண்டியிருக்கும்போது தாங்கியிருந்த கம்புகள் பிடுங்கப்படுகின்றன. தோற்றவன் அந்த இளைஞன் என்று சொல்வது நியாயமில்லை. அவனைச் சுற்றியிருந்த ஏற்பாடு அவனுக்கு முன்னே முடிந்துவிட்டது.

இன்னொரு கேடு, விரதத்தை எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று கற்பிப்பது. நடுவில் தவறினால் தெய்வக் குற்றம், இனிமேல் எப்படியிருந்தாலும் ஒன்றுதான் என்று நினைப்பவன் வெறியோடு குடிக்கிறான். ஒழுக்கப் போராட்டம் உடல்நலத்தைக் கெடுக்கும் மிக நேரடியான பாதை இது. தவறியவனை மறுநாள் காலை மறுபடியும் குளித்துவிட்டு வா என்று அழைக்கும் குருசாமியின் ஒரு சொல், பல உபதேசங்களைவிடக் கனமானது.

மீண்டெழுதல் யாருடைய வேலை?

உளவியலாளர் எமி வெர்னரும் கூட்டாளிகளும் ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை நாற்பது வயது வரை தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வறுமை, குடிகாரப் பெற்றோர், குடும்பச் சண்டை எனப் பல ஆபத்துகளோடு பிறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் அக்கறையும் கொண்ட பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் அடிக்கடி காணப்பட்டது, பெற்றோருக்கு வெளியே தங்கள் மேல் அன்பு வைத்த ஒரு பெரியவர்: ஓர் ஆசிரியர், ஒரு பாட்டி, ஒரு சமயத் தலைவர். பதின்ம வயதில் தடம் புரண்டவர்களிலும் பலர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் திரும்பி வந்தார்கள். திருமணம், தொழில், நம்பிக்கைக் கூட்டம் ஆகியவை அவர்களுக்குத் திரும்பும் வாசல்களாயின. ஆன் மாஸ்டன் 2001இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து எழுதியபோது, மீண்டெழும் ஆற்றல் அபூர்வப் பிறவிகளின் வரம் இல்லை, சாதாரண உறவுகள் சரியாக இயங்குவதன் விளைவு என்றார்.

மலையக மக்களை எதையும் தாங்கும் மக்கள் என்று புகழ்வது நம்மிடையே வழக்கம். குடியுரிமையைப் பறித்த 1948இன் சட்டத்தையும், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்ததையும், தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்செயல்களையும் தாங்கியது உண்மை. ஆனால் தாங்குகிறார்கள் என்ற புகழ்ச்சி, இன்னும் தாங்கட்டும் என்ற சாக்காக மாறக் கூடாது. இருநூறு ஆண்டுக்குப் பிறகும் பெருந்தொகையினர் லயக் காம்பராவில் இருக்கிறார்கள். 2024இல் 1,350 ரூபாயாக இருந்த நாட்சம்பளத்தில் முட்டையும் கீரையும் பருப்பும் நாள்தோறும் வாங்க முடியாத வீட்டிடம் சமச்சீர் உணவு பற்றிப் பேசுவது வெறும் சொல். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் இடத்தில் ஏழு மணி நேர உறக்கம் வருவதில்லை. காணியும் வீடும் நியாயமான சம்பளமும் மீண்டெழும் ஆற்றலின் முதல் அத்தியாயம். தனிமனித உறுதி அதற்குப் பிறகே வருகிறது.

கையிலிருப்பதை வைத்துச் செய்யக்கூடியவை

காணிக்காகப் போராடிக்கொண்டே, காத்திராமல் தொடங்கக்கூடிய வேலைகளும் உண்டு. முதலாவது, விரதக் கூட்டத்தை மாலையோடு கலைய விடாதிருப்பது. இந்த நாட்டில் பௌர்ணமி விடுமுறை நாள். அன்று மதுசார விற்பனைக்கும் தடை. கோயில் கமிட்டியும் குருசாமியும் அந்த ஒருநாளில் பழைய சாமிமாரை மாதந்தோறும் கூட்டலாம். பஜனை, சேர்ந்து சமைத்த சாப்பாடு, பிறகு ஒரு கரப்பந்தாட்டம். வாரத்துக்கு 150 நிமிட உடலசைவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது கொழும்புக் கடையில் நாள் முழுக்க நின்று களைத்த பிள்ளைக்கும் அங்கே விளையாட்டாகத் தொடங்கும். 41ஆம் நாளுக்கும் 66ஆம் நாளுக்கும் இடையில் ஒரு பௌர்ணமி பெரும்பாலும் வரும், இல்லையென்றால் பக்கத்தில் நிற்கும்.

இரண்டாவது, கேள்வி கேட்க இடம். அறநெறிப் பாடசாலை சிறுவர்களோடு நின்றுவிடுகிறது. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகும் இளையோருக்கும் அங்கே ஒரு மணிநேரம் வேண்டும். பதில் மனப்பாடம் செய்யும் வகுப்பாக இல்லாமல், சுந்தரரின் கோபத்தையும் ரதியின் வழக்கையும் முன்வைத்துத் தங்கள் கோபத்தைச் சொல்லும் மன்றமாக அது இருக்க வேண்டும். சபைகளின் வாலிபர் கூட்டங்களுக்கும் இது பொருந்தும். வேறு வழிபாட்டுக்குப் போன பிள்ளையை வீட்டோடு சேர்த்துவைக்கக் குருக்களும் போதகரும் ஒரே திண்ணையில் அமர்ந்தால் எத்தனையோ வீடுகளில் பேச்சு திரும்பும்.

மூன்றாவது, பூசாரி, குருக்கள், போதகர், அருட்தந்தை அனைவரும் வைத்தியத்தின் முதல் வாசலில் நிற்கிறார்கள் என்பதை உணர்வது. உறக்கமில்லை, உயிர்மேல் ஆசையில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் கயிறு கட்டுவதோடும் ஜெபிப்பதோடும் நிறுத்தாமல், வைத்தியசாலைக்குக் கூட நடந்துபோக அவர்கள் பயிற்சி பெற வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும், மனம் நொந்தவர்களுக்குச் செவிகொடுக்க 1974 முதல் இயங்கும் சுமித்ராயோ அமைப்பின் விவரமும் கோயில் அறிவித்தல் பலகையிலும் சபை வாசலிலும் தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நோட்டீஸ் ஒட்டுவதற்கு எந்தச் சாமியும் தடை சொல்வதில்லை.

ஆய்வுகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவது இது: சமயப் போராட்டம் நம்பிக்கையின் நோய் இல்லை, வளரும் மனத்தின் வேலை. அந்த வேலையைச் செய்பவருக்கு அருகில் காதுகொடுப்பவர் இருந்தால் அவர் மீண்டெழுகிறார், பழக்கங்களும் அவரோடு எழுகின்றன. யாருமில்லையென்றால் அது உடம்பைத் தின்கிறது. நம் பிள்ளைகளுக்கு 41 நாள் துணை நிற்க நமக்குத் தெரியும் என்று ஒவ்வொரு கார்த்திகையும் காட்டுகிறது. அந்தத் துணையை ஆண்டு முழுதும் நீட்டுவதற்குப் புதிய கோயிலோ புதிய சபையோ தேவையில்லை. இருக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஓர் இளையவரைத் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டால் போதும்.